நம்பாத ஆள் ஒருவர் தேவை

ஒரு ஊரில் ஒரு துறைமுகம் இருந்தது. துறைமுகத்தை ஒட்டி, முள்கம்பி வேலிக்குள் ஒரு வெளிநாட்டு வணிக மண்டலம் இருந்தது. அது ஒரு விசித்திரமான இடம். கப்பலில் வந்த சரக்கு அங்கே இறங்கினாலும் சட்டப்படி அது இன்னும் நாட்டுக்குள் வரவில்லை. வரி கட்டி வேலியைத் தாண்டினால்தான் வந்ததாக அர்த்தம். அதுவரைக்கும் கல்யாண வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி அது காத்துக் கிடக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. வேலி லாரியைச் சந்தேகப்படும். எடைமேடை லாரியை ஏற்றியவனைச் சந்தேகப்படும். சாக்கு மூட்டை வாய் திறக்காது. அதற்கும் எலிமேல் ஒரு கண் உண்டு.

அந்த மண்டலத்தில் முந்திரிக்கொட்டை வைக்கிற கிட்டங்கி ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து தோல் உரிக்காத கொட்டை சாக்குச் சாக்காக வந்து, வரி கட்டும்வரை அங்கே அடுக்கப்பட்டிருக்கும். கிட்டங்கியின் கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று இரும்புப் பூட்டு. அது கிட்டங்கியை நடத்தும் கம்பெனியுடையது; சாவி பொறுப்பாளர் குணசீலனிடம். இன்னொன்று பித்தளைப் பூட்டு. அது சுங்க அலுவலகத்துடையது. சாவி அதிகாரி வேதமுத்துவிடம். இரண்டு சாவியும் வந்து சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அதுதான் அங்கே வழக்கம்.

இரும்புப் பூட்டுக்கு அந்த வழக்கம் அடியோடு பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தன் ஓயாமல் தொங்குவது போதாதென்று, தினமும் சாயங்காலம் வேதமுத்து பித்தளையின் சாவித்துவாரத்தின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இடையில் யாராவது சாவி போட்டால் காகிதம் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

“அது எதுக்குவே ஒமக்கு மட்டும் கோவணம்?” என்று கேட்கும் இரும்பு.

“மானம் உள்ளவன் கட்டுவான்.”

“அப்ப நான் மானங்கெட்டவனா?”

“நான் சொல்லலையே. நீரே சொல்லுதீரு.”

ஒருநாள் இரும்பு நேராகவே கேட்டுவிட்டது. “நெசத்தைச் சொல்லும். நீரு அசந்த நேரத்துல நான் தெறந்து விட்டுருவேன்னுதான ஒம்ம நெனப்பு?”

“நான் அசர்றதே இல்ல. அதனால அந்த நெனப்புக்கு வேலையில்ல,” என்றது பித்தளை.

இரும்பு மட்டும் லேசுப்பட்டதா? இவன் சர்க்கார் ஆள், பளபளவென்று இருக்கிறான், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டு நழுவிவிடுவான் என்று அதுவும் கண் மூடாமல் பித்தளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை ஒன்று காவல் காத்தே காலம் ஓடியது. அந்தக் கிட்டங்கியிலிருந்து ஒரு கொட்டைகூடத் திருட்டுப் போனதில்லை.

ஆனால் எடை மட்டும் குறையும். வருகிறபோது கொட்டையில் ஈரம் இருக்கும். தகரக் கூரைக்கு அடியில் பங்குனி, சித்திரை வெயிலில் வெந்து கிடந்தால் ஈரம் வற்றி எடை இறங்கத்தானே செய்யும்? எடை போடுகிற நாளில் வேதமுத்துவும் குணசீலனும் சேர்ந்து உள்ளே போவார்கள். வேதமுத்து ஒரு கை கொட்டையை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உலர்ந்த கொட்டை என்றால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்.

“ஒலந்துட்டு,” என்பார் வேதமுத்து.

“ஒலந்துட்டு சார்,” என்பார் குணசீலன்.

அத்தோடு பேச்சு முடிந்தது. வேதமுத்து இதை நல்ல மனசில் சொன்னார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் குணசீலன்மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கதவில் தொங்கியது அவருடைய பூட்டும்தானே? அதைச் சந்தேகப்பட அவரால் முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது.

சும்மா வரவில்லை. மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் உறை போட்டு, மழை வெயில் எதுவும் தன்னைத் தொடாதபடி ஏற்பாடாக வந்தது. கதவின் நடுவில் நாலு ஆணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வந்த வேகத்தில் முந்திரிக்கொட்டைத்தனமாகப் பேச ஆரம்பித்தது.

“மண்டலத்தில் கிட்டங்கி நடத்தும் நிறுவனங்கள் அனைத்துக்கும் வணக்கம். நிர்வாக நடைமுறைகள் புதுப்பிக்கப்படுகின்றன. உங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் முடிந்தது. இரட்டைப் பூட்டு முறை இன்றோடு நீக்கப்படுகிறது. இனி ஒரே பூட்டு, உங்கள் பூட்டு. முழு நம்பிக்கை, முழுப் பொறுப்பு.”

குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. “முழுப் பொறுப்புன்னே போட்டுட்டாம்ல!” என்று லோடுமேன்கள் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். பொறுப்பு என்றால் பதவி உயர்வு என்று நினைக்கிற பழக்கம் அந்த மண்டலத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் உண்டு. கதவோரம் ‘பொறுப்பாளர்: த. குணசீலன்’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது. ஆளைக் கூட்டிவந்து முன்னால் ‘முழு’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதவைத்தார். பெயிண்டர் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதிவிட்டார்.

இரும்புப் பூட்டுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் பிறவிக் குணம் எங்கே போகும்?

“ஒரு சந்தேகம்,” என்றது சுற்றறிக்கையிடம். “நம்புதோம், நம்புதோம்ங்கீரு. சரி. நாளைக்குச் சரக்கு கொறஞ்சா யாரைக் கேப்பீரு?”

“அத்தகைய கேள்வி நம்பிக்கையின் அடிப்படைக்கு முரணானது,” என்றது சுற்றறிக்கை.

இதற்கு என்ன அர்த்தம் என்று இரும்புக்கு விளங்கவில்லை. விளங்காத பதிலைச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று மட்டும் அதற்குத் தோன்றியது. ஆனால் சந்தோஷமான நேரத்தில் நோண்டுவானேன் என்று விட்டுவிட்டது.

மறுநாள் வேதமுத்து வந்து பித்தளையைக் கழற்றினார்.

“பாத்து இரும்வே,” என்றது பித்தளை.

“என்னத்தைப் பாக்க?”

“ஒம்மைப் பாக்க இனிமே ஆளில்ல. அதைத்தான் சொல்லுதேன்.”

“வயித்தெரிச்சல்,” என்று இரும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பித்தளையைக் கொண்டுபோய் அலுவலகக் கேன்டீனில் பிஸ்கட் அலமாரிக்குப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது அதற்குச் சிரிப்புக்கூட வந்தது.

கொஞ்ச நாள் இரும்பு ராஜா மாதிரி தொங்கியது. வேதமுத்துவின் ஸ்கூட்டருக்காக வெயிலில் காத்துக் கிடக்கிற வேலை இல்லை. குணசீலன் வந்தார், திறந்தார், பூட்டினார், போனார். ஆனால் நாள் போகப் போக இரும்புக்கு ஒரு புது வியாதி வந்தது. நேற்று சாயங்காலம் நான் முழுசாக மூடினேனா? கொக்கி சரியாகத்தான் விழுந்ததா? காற்றில் கதவு ஆடியபோது கொஞ்சம் இளகிக் கொடுத்துவிட்டேனோ? முன்பெல்லாம் இதை எல்லாம் பித்தளை கேட்கும், இரும்பு கோபமாகப் பதில் சொல்லும். இப்போது தானே கேட்டுத் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலில் அதற்கே நம்பிக்கை வரவில்லை.

சித்திரை முடிந்ததும் தணிக்கை வந்தது. வந்தவர் பூரணி என்கிற அதிகாரி. குரலை உயர்த்தாதவர். மூட்டைகளை எடை போடச் சொன்னார். எடை குறைந்திருந்தது, வருஷா வருஷம் குறைகிற மாதிரியே.

“ஒலந்துட்டு மேடம்,” என்றார் குணசீலன் சிரித்தபடி. பக்கத்திலிருந்து ‘ஒலந்துட்டு’ என்று இன்னொரு குரல் வரும் என்று பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை.

பூரணி கதவுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து இரும்புப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்புக்குப் பெருமை தாங்கவில்லை. பாரும்மா, நல்லாப் பாரு, இத்தனை வருஷத்தில் என் மேல் ஒரு கீறல் உண்டா என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது.

“ஒரு கீறல்கூட இல்ல,” என்றார் பூரணி. “அப்ப யாரும் உடைக்கல. சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க.”

இரும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மேடம், வருஷா வருஷம் இப்படித்தான்... வேதமுத்து சாரைக் கேட்டுப் பாருங்க...”

“கேட்டாச்சு. அவரும் உலரும்னுதான் சொல்றார். அது அவர் பூட்டு இருந்த காலம். இந்த வருஷம் யார் பார்த்தா?” பூரணி கதவோரம் எழுதியிருந்ததை ஒருமுறை வாசித்தார். “பூட்டு ஒண்ணு. சாவி ஒண்ணு. முழுப் பொறுப்பாளர் ஒருத்தர். இதுல நான் கண்டுபிடிக்க என்ன இருக்கு, சொல்லுங்க?”

அவர் போன பிறகு இரும்பு சுற்றறிக்கையைப் பிடித்துக்கொண்டது. “யோவ்! முழு நம்பிக்கைன்னு சொன்னீரே?”

“முழுப் பொறுப்பு என்றும் சேர்த்துத்தானே சொன்னேன்,” என்றது சுற்றறிக்கை. அதன் பிளாஸ்டிக் உறையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கம்பெனியும் கைகழுவிக்கொண்டது. குணசீலனாகக் கணக்குச் சொல்லாவிட்டால் கம்பெனியே போலீசுக்குப் போகும் என்று தகவல் வந்தது. லோடுமேன்கள் முன்பு போல வந்து நின்று பேசுவதில்லை. வாட்ச்மேன் கிட்டங்கியைத் தாண்டும்போது பூட்டை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு மத்தியானம் குணசீலன் வந்து கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுக்காரியே கேக்கா,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “‘நெசமாவே எடுக்கலையே?’ன்னு கேக்கா. நான் என்ன செய்ய?”

இரும்புக்கு அழுகையே வந்துவிட்டது. எடுக்கவில்லை என்று அதற்குத் தெரியும். அது தெரிந்து என்ன பிரயோஜனம்? அது குணசீலனின் பூட்டு. குணசீலனின் பூட்டு குணசீலனுக்காகச் சொல்வதை யார் கேட்பார்கள்? அன்றைக்குத்தான் முதல்முறையாக அது பித்தளையை நினைத்து ஏங்கியது. பிடிக்காதவன் வாயிலிருந்து வந்தால்தானே அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

குணசீலன் நேராகப் பூரணியிடம் போனார். பழையபடி சுங்கப் பூட்டைப் போடச் சொல்லிக் கெஞ்சினார்.

“அந்த முறையே எடுத்தாச்சு. நான் நினைச்சாலும் முடியாது,” என்றார் பூரணி. பிறகு என்ன நினைத்தாரோ, “ஒண்ணு செய்யலாம். புதுக் கப்பல் சரக்கு இப்ப உள்ள வருதில்ல? அதுக்கு வெளியாள் யாராவது கூட ஒரு பூட்டுப் போடட்டும். அடுத்த எடை வரைக்கும் சாவி அவர்கிட்ட இருக்கட்டும். அதுவரைக்கும் இந்த வருஷக் கணக்கை முடிக்காம வைக்கறேன். அப்பவும் இதே மாதிரி குறைஞ்சா, ரெண்டும் உலர்ந்துதுன்னு நானே எழுதறேன். ஆனா அவர் உங்க சொந்தக்காரரா, சிநேகிதரா, உங்களால ஆதாயம் உள்ளவரா இருக்கக் கூடாது.”

அன்றிலிருந்து குணசீலன் மண்டலத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு கிட்டங்கியாக ஏறி இறங்கினார்.

“அண்ணாச்சி, என்மேல சந்தேகம் உள்ள ஆளு ஒருத்தரு வேணும்.”

“ஐயையோ, ஒங்களைப் போயி நாங்க சந்தேகப்படுவமா? தங்கமான மனுசன்!” என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் தெருமுனை திரும்புவதற்குள், “ஆளைப் பாத்தியா, முழுங்கிட்டு முழிக்கத” என்று பேசிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் சந்தேகப்பட மண்டலமே தயார். முகத்துக்கு நேரே சந்தேகப்பட ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது பக்கத்துக் கிட்டங்கிப் பொறுப்பாளர் மச்சாதுதான். அவருக்கும் குணசீலனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருமுறை மச்சாதுவின் சரக்குத் தூக்கி வண்டி பொதுச் சுவரை இடித்துவிட்டது. குணசீலன் அதை மேலே எழுதிப் போட்டார். அன்றைக்குத் திரும்பிய முகம்தான், இருவரும் இன்றுவரை திருப்பவில்லை.

மச்சாது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குணசீலன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

“எங்கிட்ட எதுக்குவே வந்தீரு?” என்றார் மச்சாது. “ஒம்ம மேல எனக்கு ஒரு காலத்துலயும் நம்பிக்கை கிடையாதுவே. நீரு எடுத்திருப்பீருன்னுதான் நான் இப்பவும் நெனைக்கேன்.”

குணசீலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அது போதும் அண்ணாச்சி. இதை மூஞ்சிக்கு நேர சொல்ல ஒரு ஆளைத்தான் தேடிட்டு அலையுதேன்.”

இதிலும் ஏதோ உள்குத்து இருக்கும் என்று மச்சாதுவுக்குப் பட்டது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே சம்மதித்தார்.

இரும்புக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பூட்டு வந்து தொங்கியது. குட்டையாக, கொழுத்து, உப்புக்காற்றில் சொரசொரத்துப் போயிருந்தது.

“என்னை நம்புதீரா?” என்று இரும்பு பயந்துகொண்டே கேட்டது.

“ஒம்மையா? கண்ணாடியில மூஞ்சியப் பாத்திருக்கீரா?” என்றது கறுப்பு. “நான் ஒரு பக்கம் இழுக்கையில நீரு மறுபக்கம் நெளியுதது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீரும்.”

அதைக் கேட்டதும் இரும்புக்கு உயிர் வந்தது. “நல்லாப் பாரும்வே,” என்றது. “கண்ணை எடுக்காமப் பாரும்.”

மச்சாது மாதிரி ஒரு சந்தேகக்காரரை அந்த மண்டலம் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கதவுக்கு அடியில் குச்சியை விட்டு, கொட்டை உருண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்று துழாவுவார். ஏணி போட்டுக் கூரையின் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார். சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவுக்கு எதிரே உட்கார்ந்து, மீன்குழம்பைப் பிசைந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். கதவின் குறுக்கே ஒரு தூண்டில் நரம்பைக் கட்டிவைத்து, அதை ஆடு முட்டி அறுத்த அன்றைக்கு ஆட்டுக்குச் சொந்தக்காரர் யார், அவருக்கும் குணசீலனுக்கும் என்ன உறவு என்று அரை நாள் விசாரித்தார். குணசீலன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “அந்த மூலையையும் பாத்துருங்க அண்ணாச்சி,” என்று தானே காட்டிக்கொடுத்தார். அது மச்சாதுவின் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

வெயில் வந்தது, வந்து போனது. எடை நாளில் பூரணி வந்தார். மச்சாது தன் பூட்டைத் தானே திறந்தார். மூட்டைகள் எடைமேடை ஏறின. முன்பு குறைந்த அதே மாதிரி குறைந்திருந்தது.

பூரணி ஒரு கை கொட்டையை அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். பிறகு மச்சாதுவிடம் திரும்பினார்.

“நீங்க என்ன சொல்றீங்க? குணசீலன் நேர்மையான ஆளா?”

“யாரு சொன்னா?” என்று மச்சாது சீறினார். “சுவரு விசயத்துல இவரு எனக்குச் செஞ்சது எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். இவரை எப்படியும் மாட்டிவிடணும்னுதான் நான் காவல் கெடந்தேன். ஒரு வழியும் ஆம்புடல.” தானும் ஒரு கொட்டையை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, வெறுப்போடு மூட்டையில் எறிந்தார். “எடுக்கல மேடம். ஒலந்துதான் போச்சு.”

பூரணி எழுதிக் கையெழுத்துப் போட்டார். குணசீலன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது பூரணியை அல்ல. மச்சாது முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் கிட்டங்கிக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு சுற்றறிக்கை தொண்டையைச் செருமிக்கொண்டது.

“தொடக்கத்திலிருந்தே உங்களை முழுமையாக நம்பியது நான்,” என்றது. “எனக்கு ஒரு நன்றிகூட இல்லையா?”

இரும்பு பக்கத்தில் தொங்கிய கறுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

“நீரு நம்புனீரு,” என்றது. “அவன்தான்வே பாத்தான்.”